ஐதரசனின் குறியீடும் மூலக்கூறும்: கனிசாரோவின் சிறுநூல் பற்றிய ஒரு திறனாய்வு

இரசாயனவியலைக் கற்கப்புகும் மாணவன் தொடக்கத்திலேயே மனனஞ் செய்துகொள்ளும் செய்திகளுள் இரண்டு ஐதரசனைப் பற்றியவை. அம்மூலகத்தின் குறியீடு எச் என்னும் உரோம எழுத்து என்பது ஒன்று. அது வாயுவாக இருக்கும்போது அதன் மூலக்கூற்றைக் குறிப்பதற்கு அவ்வெழுத்தின் வலப்புறத்தே சற்றுக் கீழாக 2 என்னும் இலக்கத்தை இடல்வேண்டும் என்பது மற்றொன்று. வாசிப்பதற்கு எளிதாகும் பொருட்டு இக்கட்டுரையில் முன்னதை எச் எனவும் பின்னதை எச்₂ எனவும் எழுதுவோம்.

இவ்விரு செய்திகளும் ஒரே தன்மையன போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை முற்றும் வேறானவை. எழுத்து ஒரு வழக்கு. இலக்கமோ ஒரு முடிபு. உலகத்து இரசாயனவியலார் அனைவரும் ஒருங்குகூடி எச் என்பதற்குப் பதிலாக வேறோர் எழுத்தை வழங்கத் துணிவரேல், அதனால் இயற்கையைப் பற்றிய யாதொரு கூற்றும் பொய்யாகிவிடாது. ஆனால் 2 என்னும் இலக்கத்தை அழித்து 3 என எழுதுவரேல், நீரைப் பற்றியும் அமோனியாவைப் பற்றியும் ஐதரசன் குளோரைட்டைப் பற்றியும் நாம் அறிந்த பலவும் பொய்யாகிவிடும். இவ்வேறுபாட்டை உணராத மாணவன் எழுத்தையும் இலக்கத்தையும் ஒருசேர எழுத்துக்கூட்டலாகக் கருதி மனத்தில் இருத்துகின்றான். அத்தகையோன் சூத்திரங்களைப் பிழையின்றி எழுதுவான். ஆயினும் இரசாயனவியலைக் கற்றவன் ஆகான்.

ஐதரசனுக்கு ஏன் இரண்டு என்று மாணவரை வினாவினால் வழக்கமாக மூன்று விடைகள் கிடைக்கும். ஐதரசன் ஈரணு மூலக்கூறுடையது என்பது முதல் விடை. இது வினாவையே வேறு சொற்களாற் கூறுவதாகும். ஐதரசனின் வலுவளவு ஒன்று என்பது இரண்டாம் விடை. வலுவளவுகளைத் துணிவதற்குச் சரியான அணுநிறைகளும் சூத்திரங்களும் முன்னரே வேண்டும். அவற்றைத் துணிந்த வழியே இங்கு வினாவப்படுகின்றது. ஆகவே அவ்விடை காரியத்தைக் காரணமாக்குகின்றது. இரண்டு அணுக்களும் ஒரு சோடி இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது மூன்றாம் விடை. இது உண்மை. ஆனால் இலத்திரனை எவரும் கண்டறியாத காலத்திலேயே இரசாயனவியலார் எச்₂ என ஐயமின்றி எழுதினர். அவர்கள் அதனை எவ்வாறு அறிந்தனர்? இவ்வினாவுக்கு முதன்முதலில் தெளிவான விடை பகர்ந்த நூலொன்றை ஈண்டு ஆராய்ந்து, அதன் சிறப்பும் குறையும் யாவை எனக் காண்போம்.

சிறுநூலும் அதன் ஆசிரியரும்

தனிசிலாவோ கனிசாரோ 1826 ஆம் ஆண்டிற் சிசிலித் தீவிலுள்ள பலேமோ நகரிற் பிறந்தவர். 1848 ஆம் ஆண்டுச் சிசிலிப் புரட்சியிற் பங்குகொண்டு, அது தோல்வியுற்றபின் பிரான்சில் அகதியாக வாழ்ந்தார். பின்னர் இத்தாலிக்கு மீண்டு, செனோவாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1858 ஆம் ஆண்டில், தாம் மாணவர்க்கு நடத்திவந்த விரிவுரைகளின் சுருக்கத்தைப் பீசா நகரிலிருந்த தம் நண்பர் தெ லூக்கா என்பவருக்கு ஒரு கடிதமாக எழுதினார். அக்கடிதம் அவ்வாண்டே ஓர் இத்தாலிய விஞ்ஞான இதழில் வெளிவந்து, அடுத்த ஆண்டிற் சிறுநூலாக அச்சேறியது. இரசாயனத் தத்துவப் பாடமொன்றின் சுருக்கம் என்பதே அதன் தலைப்பின் பொருள்.

இங்கு முதலிற் கவனிக்கத்தக்கது யாதெனில், இது புதிய பரிசோதனை எதனையும் அறிவிக்க எழுந்த நூலன்று என்பதாம். ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் எவற்றை எம்முறையிற் கற்பிக்கின்றார் என்பதை இன்னோர் ஆசிரியருக்கு எடுத்துரைக்கும் நூல் இது. கற்பித்தலின் ஒழுங்கே ஆராய்ச்சியின் ஒழுங்காகவும் அமைந்துவிட்ட அரிய நூல்களுள் இதுவும் ஒன்று.

எழுத்து வந்த வழி

நூலை மதிப்பிடுமுன், அது எழுந்த சூழலை அறிதல் வேண்டும். 1766 ஆம் ஆண்டிற் கவண்டிசு என்னும் ஆங்கில அறிஞர் உலோகங்களின்மீது அமிலங்களை வார்த்துப் பெற்ற எரியும் வாயுவைத் தனியொரு பொருளாக ஆராய்ந்தார். 1783 இல் இலவோசியே அவ்வாயுவை ஒட்சிசனோடு எரித்து நீரைப் பெற்றார். 1787 இல் அவரும் அவர்தம் கூட்டத்தாரும் வகுத்த பெயரீட்டு முறையில் அவ்வாயு, நீரை ஆக்குவது எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஐதரசன் எனப் பெயர் பெற்றது. தமிழில் வழங்கும் நீரகம் என்னும் பெயரும் அக்கருத்தைத் தழுவியதே.

1808 இல் தாற்றன் வெளியிட்ட நூலில் ஐதரசனின் குறியீடு நடுவே புள்ளியிட்ட ஒரு வட்டம். ஒட்சிசனின் குறியீடு வெறும் வட்டம். 1813 ஆம் ஆண்டளவிற் சுவீடன் நாட்டுப் பேசீலியசு இவ்வட்டங்களை விலக்கி, மூலகங்களின் இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துக்களைக் குறியீடாகக் கொள்ளும் முறையை வகுத்தார். அன்று தொட்டு ஐதரசன் எச் ஆயிற்று. அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டும் இலக்கத்தைப் பேசீலியசு எழுத்தின் மேற்புறத்தே இட்டார். அதனைக் கீழ்ப்புறத்தே இடும் வழக்கம் 1834 இல் செருமானிய அறிஞர் இலீபிக்கு தொடங்கியது.

பெயர், எழுத்து, இலக்கம் என்னும் மூன்றையும் ஒப்புநோக்கின் ஒன்று புலனாகும். பெயர் ஒரு கொள்கையைச் சுமந்து நிற்கின்றது. ஒட்சிசன் என்னும் பெயர் அமிலத்தை ஆக்குவது எனப் பொருள்படும்; ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லை என்பது 1810 ஆம் ஆண்டளவிற் புலனானதும் அப்பெயரின் பொருள் பழுதாயிற்று. எழுத்து எக்கொள்கையையும் சுமப்பதில்லை. ஆகவே கொள்கைகள் மாறியபோதும் அது நிலைபெற்றது. தமிழில் ஐதரசன் என்போரும் ஹைட்ரஜன் என்போரும் நீரகம் என்போரும் ஒரே குறியீட்டையே எழுதுதல் இதனாலேயே இயல்வதாகின்றது. இலக்கமோ பெயரிலும் பன்மடங்கு கனமான கொள்கையைச் சுமக்கின்றது. அக்கனத்தை அது தாங்க வல்லதா என்பதே ஐம்பதாண்டு வழக்காக நடைபெற்றது.

தீராத வழக்கு

1808 இன் இறுதியில் கேலுசாக்கு என்னும் பிரெஞ்சு அறிஞர், வாயுக்கள் எளிய கனவளவு விகிதங்களிற் சேர்கின்றன என்பதை அறிவித்தார். இரு கனவளவு ஐதரசனும் ஒரு கனவளவு ஒட்சிசனும் சேர்ந்து இரு கனவளவு நீராவியைத் தருகின்றன. ஒரு கனவளவு ஐதரசனும் ஒரு கனவளவு குளோரீனும் சேர்ந்து இரு கனவளவு ஐதரசன் குளோரைட்டைத் தருகின்றன. சமமான கனவளவுகளிற் சமமான எண்ணிக்கைத் துணிக்கைகள் உள எனக் கொண்டால் இவ்விதி நன்கு விளங்கும் எனத் தோன்றும். ஆயினும் அணுக்கொள்கையைத் தந்த தாற்றனே அக்கருத்தை ஏற்க மறுத்தார்.

அவர் மறுத்தமைக்கு வலிய காரணம் உண்டு. ஒரே நிபந்தனைகளில் ஒட்சிசன் ஐதரசனைப்போல 16 மடங்கு அடர்த்தியுடையது. நீராவியோ 9 மடங்கே அடர்த்தியுடையது. சம கனவளவிற் சம எண்ணிக்கை என்பது மெய்யாயின், ஒட்சிசன் துணிக்கை ஒன்று நீர்த்துணிக்கை ஒன்றிலும் கனமானதாதல் வேண்டும். ஆனால் நீர்த்துணிக்கை தன்னுள் ஒட்சிசனைக் கொண்டிருக்கின்றது. பகுதி முழுமையிலும் கனமாதல் எங்ஙனம்? மூடியோடு கூடிய பானையிலும் மூடி மட்டும் கனமானது என்று கூறுவார் உளரோ? தாற்றனுக்கு இது கருதுகோளையே வீழ்த்தும் முரணாகத் தோன்றியது.

1811 இல் இத்தாலிய அறிஞர் அவகாதரோ இம்முரணுக்கு விடை கண்டார். வாயுவாய் நிற்கும் ஒட்சிசனின் துணிக்கை நீரினுள் முழுமையாகப் புகுவதில்லை. அது இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் ஒவ்வொரு நீர்த்துணிக்கையுட் புகுகின்றது. ஐதரசனும் ஐதரசன் குளோரைட்டை ஆக்கும்போது அவ்வாறே பிளக்கின்றது. பிளவுபடுமுன் உள்ள துணிக்கையை இன்று மூலக்கூறு என்கின்றோம். பிளவின் இறுதியில் எஞ்சுவதை அணு என்கின்றோம். மூன்றாண்டுகள் கழிந்து, 1814 இல் அம்பியரும் இத்தகைய கருத்தையே வெளியிட்டார்.

விடை கிடைத்தும் வழக்குத் தீரவில்லை. பேசீலியசின் கொள்கைப்படி, அணுக்களைச் சேர்த்து வைப்பது நேர், எதிர் என்னும் மின்னேற்றங்களின் கவர்ச்சி. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு ஐதரசன் அணுக்கள் ஒரே மின்தன்மையுடையனவாதலின், அவை ஒன்றையொன்று தள்ளுமேயன்றிச் சேரா. பேசீலியசு நீரில் ஐதரசன் அணுக்கள் இரண்டு உள எனச் சரியாகவே கண்டார். பின்னர் இரட்டை அணுவைக் குறிக்க எச் எழுத்தின் ஊடே ஒரு கோட்டையும் இழுத்தார். பார்வைக்கு அது நம் எச்₂ போன்றதே. ஆயினும் அது சேர்வைகளினுள் இரண்டிரண்டாகச் செல்லும் அணுக்களைக் குறித்ததேயன்றித் தனித்த வாயுவின் மூலக்கூற்றைக் குறித்ததன்று. உருவம் ஒத்திருந்தும் பொருள் ஒவ்வாமைக்கு இது தக்க சான்று.

பிரெஞ்சு அறிஞர் தூமா 1826 முதலாகப் பல ஆவிகளின் அடர்த்தியை அளந்து அணுநிறைகளைக் காண முயன்றார். இரசம், கந்தகம், பொசுபரசு ஆகியவற்றின் ஆவிகள் எதிர்பாராத எண்களைத் தந்தன. எல்லா மூலகங்களின் மூலக்கூறுகளும் இரண்டிரண்டு அணுக்களையே உடையன என்னும் எண்ணமே அத்திகைப்புக்குக் காரணம். பின்னர் நீரை ஒருவர் ஒரு ஐதரசனும் ஒரு ஒட்சிசனும் உடையது என எழுத, இன்னொருவர் இரண்டு ஐதரசன் உடையது என எழுதினார். அசற்றிக்கமிலத்துக்கு மட்டும் அக்காலத்து வழங்கிய 19 சூத்திரங்களைக் கேக்குலே 1861 இல் வெளியான தம் பாடநூலிற் பட்டியலிட்டுக் காட்டினார்.

கனிசாரோவின் முறை

இக்குழப்பத்தினிடையே கனிசாரோ செய்தது யாது? முதலாவதாக, அவர் வழக்கின் வரலாற்றையே பாடமாக்கினார். அவகாதரோவின் கருதுகோள் எவ்வாறு எழுந்தது, ஏன் புறக்கணிக்கப்பட்டது, எதிர்த்தோர் கூறிய காரணங்கள் யாவை என்பனவற்றைத் தொடக்க விரிவுரைகளில் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். மாணவன் முடிபைக் கேட்குமுன் ஐயத்தைக் கேட்கின்றான்.

இரண்டாவதாக, அவர் அளவையின் அலகை மாற்றினார். வாயுக்களின் அடர்த்தியை ஐதரசனோடு ஒப்பிட்டு உரைப்பது வழக்கம். கனிசாரோ ஐதரசனின் முழு மூலக்கூற்றை 1 எனக் கொள்ளாது, அதன் பாதியை 1 எனக் கொண்டார். எனவே ஐதரசனின் மூலக்கூற்று நிறை 2 ஆகின்றது. அவ்வளவையின்படி ஒட்சிசன் 32, குளோரீன் 71, நீர் 18, ஐதரசன் குளோரைட்டு 36.5, அசற்றிக்கமிலம் 60 என்னும் எண்கள் கிடைக்கின்றன. இன்றைய மாணவன் அறிந்த மூலக்கூற்று நிறைகள் இவையே.

மூன்றாவதாக, அவர் ஒவ்வொரு சேர்வையின் ஒரு மூலக்கூற்றிலும் உள்ள ஐதரசனின் நிறையைப் பகுப்பு முடிபுகளைக் கொண்டு கணித்து நிரற்படுத்தினார். ஐதரசன் குளோரைட்டு மூலக்கூற்றில் அது 1, ஐதரோசயனிக்கமிலத்தில் 1, நீரில் 2, அமோனியாவில் 3, அசற்றிக்கமிலத்தில் 4, மதுசாரத்தில் 6, ஈதரில் 10, தனித்த ஐதரசனில் 2. ஒன்றரையோ இரண்டேகாலோ எங்கும் வருவதில்லை. எல்லாம் ஒன்றின் முழு மடங்குகள். எப்போதும் முழுமையாகவே செல்வதும் பிளவுபடாததுமாகிய அவ்வொன்றே ஐதரசனின் அணு. தனித்த ஐதரசனின் மூலக்கூறு அவ்வொன்றின் இருமடங்காகையால் அது ஈரணுவுடையது.

எச்₂ என்பதன் கீழுள்ள 2 இவ்வாறு வந்ததாகும். அது கண்ணாற் கண்டு எழுதியதன்று; துலாவும் கனவளவுக் குழாயும் தந்த எண்களை ஒரு கருதுகோளின் வெளிச்சத்தில் வாசித்துத் துணிந்ததாகும்.

நூலின் சிறப்பு

அணுக்கள் ஏன் சேர்கின்றன என்னும் வினாவைக் கனிசாரோ தம் முடிபுக்கு அடிப்படையாக்கிக்கொள்ளாமை இந்நூலின் தலையாய சிறப்பு. பேசீலியசு காரணத்தை முன்வைத்து உண்மையை மறுத்தார். ஒத்த அணுக்கள் சேரமாட்டா. ஆகவே சேர்ந்தில என்பது அவர் நியாயம். கனிசாரோ உண்மையை முன்வைத்துக் காரணத்தைப் பின்னையோருக்கு விட்டார். அப்பின்னையோர் வந்தது 1916 இல் இலூயிசு இலத்திரன் சோடிக் கொள்கையை வெளியிட்டபோதும், 1927 இல் ஐத்தலரும் இலண்டன் என்னும் பெயருடைய அறிஞரும் புதிய பௌதிகவியலைக்கொண்டு இரு ஐதரசன் அணுக்களின் சேர்க்கையைக் கணித்தபோதுமேயாம். ஏறத்தாழ எழுபதாண்டுகள் இரசாயனவியலார் காரணம் அறியாமலே எச்₂ எனச் சரியாக எழுதினர். அறியாமையை ஒளிக்காமலும், அறிந்ததை அதனால் இழக்காமலும் இருத்தற்கு இஃது ஒரு பாடம்.

எல்லா மூலகங்களும் ஒரே விதிக்கு அடங்கவேண்டும் என அவர் வற்புறுத்தாமை இன்னொரு சிறப்பு. ஐதரசன், ஒட்சிசன், குளோரீன் ஆகியவற்றின் மூலக்கூறு ஈரணுவுடையது. இரசத்தினது ஓரணுவே உடையது. பொசுபரசு, ஆசனிக்கு ஆகியவற்றினது நாலணுவுடையது என அவர் கொண்டார். தூமாவைத் திகைக்க வைத்த எண்கள் இவ்வாறு முறையே அமைந்துவிட்டன.

1860 ஆம் ஆண்டு செற்றெம்பர் 3 முதல் 5 வரை செருமனியின் காள்சுறூவா நகரில் நடந்த இரசாயனவியலார் மாநாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் கூடினர். மாநாடு எம்முடிபையும் விதிக்காமலே கலைந்தது. ஆயினும் அதன் இறுதியில் இச்சிறுநூலின் பிரதிகள் வந்தோர்க்கு வழங்கப்பட்டன. அங்கு வந்திருந்த உலோதர் மயர், நூலைப் படித்தபின் தம் ஐயங்கள் அகன்றன எனப் பின்னாளிற் பதிவுசெய்துள்ளார். 1869 இல் ஆவர்த்தன அட்டவணையை வெளியிட்ட மெந்தலீவும் அம்மாநாட்டுக்குச் சென்றவரே. சரியான அணுநிறைகள் இன்றி அவ்வட்டவணை இயன்றிராது. இவ்வெற்றியைக் காண அவகாதரோ உயிரோடில்லை. அவர் 1856 இல் மறைந்தார்.

நூலின் குறைகள்

குறைகளையும் நேர்மையோடு கூறல் வேண்டும். முதற்குறை எண் பற்றியது. மின்னேற்றப்பட்ட ஒட்சிசன், அதாவது ஓசோன், 128 என்னும் மூலக்கூற்று நிறையோடு அவர் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. அதன் உண்மை நிறை 48. அக்காலத்துப் பிழையான அடர்த்தி அளவை அவர் ஆராயாது ஏற்றதன் விளைவு அது. முறை எத்துணைச் சிறந்ததாயினும் அதிற் பெய்யும் எண் பிழையாயின் விளைவும் பிழையாம்.

இரண்டாம் குறை அளவையியல் பற்றியது. இது முதற்குறையிலும் பெரிது. கனிசாரோவின் முறை அணுவின் நிறைக்கு ஒரு மேலெல்லையையே தருகின்றது. இதுவரை ஆராய்ந்த சேர்வைகளுள் ஐதரசன் குளோரைட்டு முதலியவற்றில் உள்ள அளவிலும் குறைந்த ஐதரசன் எதனிலும் இல்லை என்பதே அது காட்டுவது. நாளை அதிற் பாதியளவு ஐதரசனைக் கொண்ட சேர்வை ஒன்று கிடைத்தால், அணு பாதியாகி, மூலக்கூறு நாலணுவுடையதாகிவிடும். ஐதரசன் குளோரைட்டுப் பரிசோதனை உறுதியாக நிறுவுவது ஐதரசன் மூலக்கூறு இரு சமபாதிகளாகப் பிளக்கும் என்பது மட்டுமே. அதாவது அணுக்களின் எண்ணிக்கை இரட்டைப்படையானது. அது இரண்டேயன்றி நான்கோ ஆறோ அன்று என்பது அப்பரிசோதனையால் மட்டும் பெறப்படுவதன்று. பாடநூல்கள் பலவும் இவ்விடத்தில் நிறுவப்பட்டது என்னும் சொல்லை மிகையாக வழங்குகின்றன.

அவ்விடைவெளியை நிரப்பியவை வேறு சான்றுகள். வாயுவொன்றை அமுக்கம் மாறாது சூடாக்கும்போது வேண்டும் வெப்பத்துக்கும், கனவளவு மாறாது சூடாக்கும்போது வேண்டும் வெப்பத்துக்கும் உள்ள விகிதம் மூலக்கூற்றின் அமைப்பைச் சார்ந்தது. ஓரணு வாயுவுக்கு அது 1.67 ஆதல் வேண்டும் எனக் கொள்கை கூறியது. 1876 இற் குந்து, வாபேக்கு என்னும் இருவர் இரச ஆவியில் அவ்வெண்ணையே கண்டனர். இரசம் ஓரணுவுடையது என்ற கனிசாரோவின் முடிபு உறுதியாயிற்று. ஐதரசனுக்கு அறை வெப்பநிலையில் அவ்விகிதம் ஏறத்தாழ 1.41, ஈரணு மூலக்கூற்றுக்கு அது பொருந்தும். இச்சான்றையும் கண்மூடி ஏற்றல் தகாது. 1912 இல் ஒய்க்கன் என்பவர் ஐதரசனை மிகவும் குளிரச்செய்து அளந்தபோது அது ஓரணு வாயுவைப்போல நடந்தமையைக் கண்டார். மூலக்கூறு அங்கு அணுக்களாகப் பிரிந்துவிடவில்லை. அதன் சுழற்சி அடங்கிவிட்டது. இதனைச் சத்திச் சொட்டுக் கொள்கையே விளக்கியது. இறுதியாக, ஐதரசன் அணுவின் கருவில் ஒரு நேரேற்றமும் அதனைச் சூழ ஓர் இலத்திரனுமே உள என்பது 1913 ஆம் ஆண்டளவிற் தெளிவானபோது, அதனினும் சிறிய ஐதரசன் அணு இருக்கவியலாது என்பதும் தெளிவாயிற்று. இரண்டு என்பது அதன் பின்னரே அசையாது நிலைத்தது.

குறியீடு கூறாதவை

எச்₂ என்பதைச் சரியாக வாசிப்போன் அது கூறாதவற்றையும் அறிதல் வேண்டும். மாணவர் பலர் 2எச் என்பதையும் எச்₂ என்பதையும் ஒன்றாகவே கருதுவர். நிறையில் இரண்டும் சமம். ஆனால் தனித்தனியே மேயும் இரண்டு எருதுகளும் ஒரு நுகத்திற் பூட்டிய இரண்டு எருதுகளும் ஒன்றாகா. 2 கிறாம் ஐதரசன் வாயுவின் மூலக்கூறுகள் அனைத்தையும் அணுக்களாகப் பிரிக்க ஏறத்தாழ 104 கிலோகலோரி சத்தி வேண்டும். இது ஒரு இலீற்றர் நீரைச் சுழியம் பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதிய வெப்பத்திலும் சற்று மிகையானது. அமெரிக்க அறிஞர் இலாங்மூர் மின்வில்லினூடு ஐதரசனைச் செலுத்தி அணுக்களாகப் பிரித்தார். அவ்வணுக்கள் உலோகத்தின் மேற்பரப்பில் மீண்டும் சேரும்போது வெளிவிடும் வெப்பத்தைக்கொண்டு உலோகங்களை உருக்கி ஒட்டும் முறை 1920களில் அவர் ஆராய்ச்சியிலிருந்தே பிறந்தது. குறியீட்டில் எழுத்துக்கு முன் நிற்கும் 2, எழுத்தின் பின் நிற்கும் 2 ஆதலே அவ்வெப்பத்தின் ஊற்று.

எச் என்னும் தனியெழுத்து வெறும் எண்ணக்கருவும் அன்று. ஞாயிற்றின் மேற்பரப்பிலுள்ள ஐதரசன் பெரும்பாலும் தனித்த அணுக்களாகவே உள்ளது. விண்மீன்களிடையே உள்ள ஐதரசன் அணுக்கள் வெளிவிடும் 21 சதமமீற்றர் அலைநீளமுள்ள வானொலி அலையை 1951 இல் அமெரிக்க அறிஞர் கண்டறிந்தனர். விண்வெளியின் குளிர்ந்த முகில்களில் அது எச்₂ ஆகவும் உளது என்பது 1970 இல் உறுதியாயிற்று. ஆகவே ஐதரசன் என்றதும் எச்₂ என்று கூறல் நம் ஆய்கூடத்துக்குப் பொருந்தும். அண்டம் முழுவதற்கும் பொருந்தாது.

மேலும், எச்₂ என ஒன்றாக எழுதப்படுவன யாவும் ஒரே தன்மையனவும் அல்ல. இரு கருக்களின் தற்சுழற்சி ஒரே திசையிலிருப்பின் ஒருவகை, எதிர்த்திசையிலிருப்பின் இன்னொருவகை என ஐதரசன் மூலக்கூறு இருவகைப்படும். அறை வெப்பநிலையில் அவை 3 க்கு 1 என்னும் விகிதத்திற் கலந்துள்ளன. திரவ ஐதரசனின் வெப்பநிலையில் நிலைபெறுவது பெரும்பாலும் பின்னைய வகையே. இம்மாற்றம் மெல்ல நிகழும்; அதிற் பிறக்கும் வெப்பம் அத்திரவத்தையே ஆவியாக்கப் போதியது. இதனை அறியாது திரவ ஐதரசனைச் சேமித்தல் இயலாது. குறியீட்டில் இதன் சுவடு சிறிதும் இல்லை. 1931 இல் யூரே கண்டறிந்த பாரமான ஐதரசனையும் தனி எழுத்தோ தனிக் குறிப்போ இன்றி எச் என்னும் எழுத்து உணர்த்தாது.

இவற்றைக் குறியீட்டின் குற்றங்களாகக் கொள்ளல் தவறு. எல்லாவற்றையும் கூற முயலும் குறியீடு எதனையும் தெளிவாகக் கூறாது. எச்₂ ஒன்றையே கூறுகின்றது. அதனைச் செவ்வனே கூறுகின்றது. அவ்வொன்று யாது என அறியாமல் எழுதுவதே குற்றம்.

முடிபுரை

ஒரு சோதனையால் இதனை விளக்கலாம். ஐதரசனும் குளோரீனும் சேர்வதை மாணவன் ஒருவன் எச் ஒன்றும் குளோரீன் அணு ஒன்றும் சேர்ந்து ஐதரசன் குளோரைட்டு ஒன்று ஆகின்றது என எழுதினான் என்க. நிறைகளை மட்டும் நோக்கின் அவன் சமன்பாட்டிற் பிழையில்லை. 1 பங்கு ஐதரசனும் 35.5 பங்கு குளோரீனும் 36.5 பங்கு சேர்வையைத் தருகின்றன. ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிட்டு, வாயுவாகையால் இரண்டு இடுக என்று மட்டும் எழுதினால் மாணவன் ஒரு விதியை மனனஞ் செய்வான். அவ்வாறன்றி, நும் சமன்பாடு ஒரு கனவளவும் ஒரு கனவளவும் சேர்ந்து ஒரு கனவளவே தரும் என்கின்றது. பரிசோதனையோ இரண்டு கனவளவு தருகின்றது. யாது செய்வீர் என வினாவினால், தாற்றனும் அவகாதரோவும் நின்ற இடத்திலேயே அவனும் நிற்பான். தன் அறிவினாலேயே மூலக்கூற்றைப் பிளந்து இரண்டைக் காண்பான். அதற்கு வேண்டுவது கரும்பலகையும் அரைமணி நேரமுமே.

கனிசாரோ தம் மாணவர்க்கு அளித்தது இவ்வாய்ப்பையே. ஓசோனின் நிறையில் அவர் தவறினார். அவர் முறை தனித்து நின்று இரண்டை முற்றாக நிறுவவும் இல்லை. ஆயினும் முடிபை எட்டிய வழியை மறைக்காது காட்டிய நூலாகையால், அதன் பிழையைக் கண்டு திருத்தவும் அதன் இடைவெளியை நிரப்பவும் பின்வந்தோர்க்கு இயன்றது. வழியை மறைத்து முடிபை மட்டும் தரும் நூலிற் பிழை நேரின் அதனைக் காண்பார் யார்? நம் வகுப்பறைகளில் ஐதரசனின் கீழ் இரண்டு இடும் ஒவ்வொரு முறையும் இவ்வினாவை ஆசிரியரும் மாணவரும் நினைவிற் கொள்வாராக.